காஷுவால்டியின் வாசலும் வார்டின் கதவும்

ஈக்காட்டுத்தாங்கலில் வசிப்போருக்கு மோட்டார் விபத்து என்பது பத்திரிகையில் மட்டும் படிக்கும் விஷயமன்று. கத்திப்பாராவை நோக்கி நூறடிச் சாலையில் அல்லும் பகலும் ஓயாது விரையும் வண்டிகளும், 1958-இல் தோன்றிய கிண்டித் தொழிற்பேட்டையின் யந்திரங்களும் தத்தம் பங்குக்கு மனிதரைக் காயப்படுத்தியே வருகின்றன. அடிபட்டவரைக் கே.கே. நகருக்கோ, இராயப்பேட்டைக்கோ, சென்ட்ரலுக்கு எதிரேயுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கோ கொண்டு செல்கின்றனர். 2008-இல் தொடங்கிய 108 வண்டியினால் போய்ச் சேரும் வழி முன்னைவிடச் சுலபமாயிற்று. போய்ச் சேர்ந்தபின் எத்தனை நாழிகை கழித்துத் தக்க வைத்தியம் கிடைக்கிறது என்பதே இன்று நாம் ஆராயப் புகும் விஷயம்.

ஜனங்கள் இன்றும் காஷுவால்டி என்றே வழங்கும் அவசர சிகிச்சைப் பகுதியில், முந்தி வந்தவனுக்கு முந்திச் சிகிச்சை, அல்லது உரத்துக் கூவுகிறவனுக்கு முந்திச் சிகிச்சை என்பதே நெடுநாள் வழக்கமாயிருந்தது. சிபாரிசுக் கடிதத்துடன் வருபவரைப்பற்றி இங்கே சொல்லாதிருத்தலே நலம். நெப்போலியனுடைய சேனையில் ரண வைத்தியராயிருந்த லாரே என்பார், தளபதியென்றும் சிப்பாயென்றும் பாராமல் காயத்தின் கடுமையையே நோக்கிச் சிகிச்சையின் வரிசையை வகுத்தார். அந்த முறையையே தமிழ்நாட்டுச் சர்க்கார் தமது விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தின் வாயிலாக அரசாங்க ஆஸ்பத்திரிகளில் புகுத்தியிருக்கின்றனர். வாசலிலேயே தரம் பிரித்து, உயிருக்குப் போராடுகிறவரைச் சிவப்புப் பகுதிக்கும், அடுத்த நிலையிலுள்ளவரை மஞ்சளுக்கும், காத்திருக்கக் கூடியவரைப் பச்சைக்கும் அனுப்புதல் இதன் சாரம். 2021 டிசம்பர் 18-இல் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டமோ, சாலை விபத்தில் சிக்கினவர் எவராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவைச் சர்க்காரே குறித்த வரம்புவரை ஏற்கச் செய்தது. பணத்தால் நேரும் தடை இவ்வாறு தளர்ந்திருக்க, காலத்தால் நேரும் தடையே பாக்கி.

சட்டம் இவ்விஷயத்தில் தெளிவாயிருக்கிறது. அடிபட்டவரைக் காப்பதே வைத்தியரின் தலையாய கடமை. போலீஸ் சடங்குகள் அதற்குக் குறுக்கே நிற்கலாகாது என்று சுப்ரீம் கோர்ட்டார் 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்பளித்தனர். அதனினும் நம் பொருளுக்கு நெருங்கியது 1996-இல் மேற்கு வங்காளத்து வழக்கு. இரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை அரசாங்க ஆஸ்பத்திரிகள் பலவற்றிற்கு ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுசென்றும், கட்டில் இல்லை, வசதி இல்லை என்ற விடையே கிடைத்தது. இது ஜீவிக்கும் உரிமையைப் பறித்தலாகும் எனக் கூறி, ரூ. 25,000 நஷ்டஈடு விதித்த கோர்ட்டார், எந்த ஆஸ்பத்திரியில் கட்டில் காலியாயிருக்கிறதென உடனே அறிவதற்கு ஒரு பொதுத் தொடர்பு ஏற்பாடு வேண்டுமென்றும் பணித்தனர். கட்டில் என்ற அந்தச் சொல்லில்தான் விஷயம் அடங்கியிருக்கிறது.

ஈக்காட்டுத்தாங்கலின் பெயரிலேயே உள்ள தாங்கல் என்பது ஏரியைக் குறிக்கும். வரத்துக் கால்வாயை எவ்வளவு அழகாக வெட்டினாலும், மதகும் கலிங்கலும் அடைபட்டிருப்பின் கரைக்கு ஆபத்தே. காஷுவால்டியும் அத்தகையதே. மணிக்குப் பத்துப் பேர் வருகின்றனர், ஒவ்வொருவரும் சராசரி 6 மணி நேரம் தங்குகின்றனர் எனக் கொள்வோம். எந்நேரமும் உள்ளே 60 பேர் இருப்பர். தங்கும் நேரத்தை 4 மணியாகக் குறைத்தால் அந்த அறுபது நாற்பதாகும். ஒரு செங்கல்லும் புதிதாக வைக்க வேண்டுவதில்லை. இக்கணக்கை 1961-இல் முறைப்படி நிரூபித்தவர் அமெரிக்கரான ஜான் லிட்டில்.

அந்த நேரம் எங்கே வீணாகிறது? வைத்தியர் பரிசோதித்து, ‘இவரை வார்டில் சேர்க்கவும்’ என்று எழுதியபின், வார்டில் கட்டில் காலியாகும்வரை நோயாளி ஸ்ட்ரெச்சரிலேயே கிடப்பதில்தான் பெரும்பகுதி கழிகிறது என்பது பல தேசத்து ஆஸ்பத்திரிகளின் அனுபவம். வார்டில் குணமானவர் காலையிலேயே வீடு செல்லலாம். ஆனால் பெரிய டாக்டர் சுற்றி வரவேண்டும், சீட்டு எழுதவேண்டும், மருந்து வாங்கவேண்டும் என மாலையாகிவிடுகிறது. அந்தக் கட்டிலுக்காகக் கீழே ஒருவர் குளுக்கோஸ் பாட்டிலை உறவினர் கையில் பிடித்திருக்கக் காத்திருக்கிறார். காஷுவால்டிக்குச் சலவைக்கல் பதிப்பதால் இது தீருமா?

ஆகவே புதுக் கட்டடத்தைக் கண்டு மட்டும் நாம் மயங்குவதற்கில்லை. ஈக்காட்டுத்தாங்கலுக்கு அணித்தே, கிண்டியில் கிங் ஆராய்ச்சி நிலைய வளாகத்தில், 2023 ஜூன் 15-இல் 1,000 படுக்கைகளுடன் கலைஞர் நூற்றாண்டு ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. நகரத்தின் தென்பகுதிக்கு இது பெரும்பேறே. இதையும் கே.கே. நகரையும் இராயப்பேட்டையையும் ஒரே ஏரித் தொகுதியாகக் கருதி, காலியான கட்டில்களின் கணக்கை 108 வண்டியின் ஊழியருக்கு நொடிதோறும் தெரிவித்தால், 1996-இன் தீர்ப்பு இப்பகுதியிலேனும் முழு உயிர் பெறும். வாசலில் தரம் பிரிக்கும் தாதிக்குப் பூரண அதிகாரம் கொடுத்தல் வேண்டும். வார்டிலிருந்து அனுப்பும் வேலை முற்பகலில் முடிதல் வேண்டும். வெளியே தவிக்கும் உற்றாருக்கு நிலைமையைக் கூற ஒருவரை அமர்த்தல் வேண்டும். டாக்டர்கள்மீது கைவைக்கும் அநாகரிகத்தை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். எனினும் செய்தி சொல்ல ஆளில்லாமையும் அதற்கு ஒரு தூண்டுதல் என்பதை மறைப்பதற்கில்லை.

இங்கிலாந்தில் நாலு மணி நேர வரம்பொன்றை 2004-இல் அமலாக்கியபோது, நாலாவது மணி முடியும் தறுவாயில் நோயாளிகளை அவசரமாக இடம்மாற்றும் விந்தையும் கூடவே வந்தது. வெறும் எண்ணைக் கட்டிக்கொண்டு அழும் அவ்வழியை நாம் சிபாரிசு செய்யவில்லை. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததிலிருந்து வைத்தியர் பார்க்கும்வரை சென்ற நேரம், சேர்க்கச் சொன்னதிலிருந்து கட்டில் கிடைக்கும்வரை சென்ற நேரம் ஆகிய இரண்டையும் மாதந்தோறும் ஒவ்வோர் அரசாங்க ஆஸ்பத்திரியின் வாசலிலும் தமிழில் எழுதி ஒட்டும்படி சுகாதார இலாகாவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.