புகை மறைத்த பகலவன்

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. 1950ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்திலும், ஐக்கிய அமெரிக்க நாடுகளின் கிழக்குப் பகுதிகளிலும் பட்டப்பகலிலேயே இருள் கவிந்தது. வீதி விளக்குகளை ஏற்ற நேர்ந்தது. இது சூரிய கிரகணமோ என்று சிலர் வியந்தனர். அணுகுண்டு வெடித்ததோ என்று சிலர் நடுங்கினர். இரு நாட்களுக்குப் பின் பிரித்தானியாவில் கதிரவன் நீல நிறமாய்க் காட்சியளித்தான்.

காரணம் யாது? கனடாவின் மேற்குக் காடுகளில் பல மாதங்களாக எரிந்துகொண்டிருந்த சின்சாகா பெருந்தீயின் புகையே அது. ஆனால் அப்புகை வானில் மிக உயரத்தில் சென்றமையால், தரையில் நின்றோர்க்குப் புகை நாற்றம் எட்டவில்லை. அதன் பாதையை வானிலிருந்து படம் பிடித்துக் காட்டச் செயற்கைக்கோள் எதுவும் அன்று இல்லை. வெற்றிகரமாக இயங்கிய முதல் வானிலைச் செயற்கைக்கோள் ஏவப்பெற்றதே 1960ஆம் ஆண்டில்தான்.

இன்றோ நிலைமை வேறு. பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு ஒத்த வேகத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் ஒரே பகுதியைச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை படம் பிடிக்கின்றன. அப்படங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தால், புகை நகரும் திசை விளங்கும். துருவங்களின் மேலாகத் தாழ்வாகச் சுற்றும் வேறு சில, நாளில் ஓரிரு முறையே வந்தாலும், நுணுக்கமாக நோக்குகின்றன. புகைத்துகள்கள் மிகச் சிறியவை. ஆதலால் அகச்சிவப்புக் கதிர்கள் அவற்றைப் பெரும்பாலும் ஊடுருவி வந்து, அடியில் எரியும் தீயைக் காட்டிக் கொடுக்கின்றன. புகையோ புற ஊதாக் கதிர்களை உறிஞ்சுகிறது. இதைக் கொண்டு வெண்மேகத்தின் மேல் படர்ந்த புகையையும் பிரித்தறியலாம்.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் கனடாவின் கியூபெக் காடுகள் எரிந்தன. கிழக்குக் கரையருகே நிலைகொண்ட காற்றழுத்தத் தாழ்வொன்று புகையைத் தெற்கு நோக்கித் திருப்பிவிட்டது. ஜூன் 7ஆம் நாள் நியூயார்க் நகரின் வானம் செம்மஞ்சளாயிற்று. பின்னர் அம்மாதத்திலேயே புகை அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து ஐரோப்பாவையும் எட்டியது. இப்பயணம் முழுவதையும் செயற்கைக்கோள்கள் கண்டன.

ஆயினும் ஓர் உண்மையை நாம் மறத்தல் ஆகாது. மேலிருந்து நோக்கும் கண்ணுக்குப் புகையின் பரப்பு தெரியும். அது எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பது எளிதில் தெரியாது. ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் கடந்து செல்லும் புகை மாலை வானைச் சிவக்கச் செய்து போய்விடும். அதே புகை தரையில் இறங்கினாலோ குழந்தையின் நெஞ்சை அடைக்கும். படத்தில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றலாம். 1950இல் மக்கள் அஞ்சிய இருள் அவர்தம் மூச்சை அவ்வளவாகத் தீண்டவில்லை. 2023இல் புகை மக்களின் மூச்சிலேயே கலந்தது. எனவேதான் வானத்துப் படத்தோடு, தரையிலுள்ள காற்றளவுக் கருவிகளின் கணக்கையும் அறிஞர்கள் இணைத்துப் பார்க்கின்றனர். காற்றின் போக்கையும் சேர்த்து, நாளைய புகையை இன்றே கணிக்க முயல்கின்றனர்.

இத்தனை அறிவும் எதற்காக? ஆஸ்துமாவால் வாடும் சிறுவனும், இதயம் தளர்ந்த முதியவரும், கருவுற்ற தாயும் உரிய நேரத்தில் எச்சரிக்கை பெறுவதற்காகவே. புகையின் நுண்துகள்கள் தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்கினும் சிறியவை. நுரையீரலின் ஆழம் வரை செல்பவை. சாதாரணத் துணி முகமூடி அவற்றைப் போதிய அளவு தடுக்காது. சன்னல்களை மூடி உள்ளே இருத்தலும், வெளியில் கடினமாக உழைப்பதைத் தவிர்த்தலும், வெளியே சென்றே ஆகவேண்டுமாயின் நுண்துகளைத் தடுக்கும் முகமூடியை முகத்தோடு பொருந்த அணிதலும் நலம் தரும்.

செயற்கைக்கோள் எச்சரிக்கலாம், ஆனால் தனியே வாழும் அண்டைவீட்டு மூதாட்டியின் கதவைத் தட்ட அதனால் இயலாது. அச்செய்தியை அவரிடம் கொண்டு சேர்க்கும் கடமை, அருகில் வாழும் மனிதருக்கே உரியது.