இராவணன் மீசையின் முழுப் படம்

கடற்கரைப் புல்லை நீர்வண்ணத்தில் வரைகிறவர்கள் மணலுக்கென்று பெரிதாக வண்ணம் தொடுவதில்லை. வெள்ளைத் தாளை அப்படியே விட்டுவிட்டு, நிழல் விழும் இடத்தில் மட்டும் காவியை நீர்க்கக் கரைத்து ஓட்டுவார்கள். ஈரம் காயுமுன் நாலு கல் உப்பைத் தூவினால், அது சுற்றியுள்ள வண்ணத்தை உறிஞ்சிக்கொள்ளும்; காய்ந்து தட்டிவிட்டால் மணற்பரப்பின் சொரசொரப்பு தாளில் நிற்கும்.

புல்தான் கடினம். நம் கரைகளில் மணல்மேடு கட்டும் இராவணன் மீசைக்குப் பச்சை வண்ணத்தை மட்டும் எடுத்தால் தோற்றுப்போவோம். அதன் நிறம் சாம்பல் பூத்த நீலப்பச்சை. இலை விறைப்பானது, ஓரம் உட்சுருண்டது, நுனி ஊசி. உப்புக் காற்றிலும் வெயிலிலும் நீர் இழக்காமல் பிழைக்க இந்த வடிவம் உதவுகிறது. ஆண், பெண் பூக்கள் தனித்தனிச் செடிகளில். பெண் செடியின் முள் உருண்டை ஓர் அடிக் குறுக்களவு வரை வளரும். முற்றியதும் கழன்று, காற்றில் கரை நெடுக உருண்டோடி விதை பரப்பும்.

உலர்த்தித் தாளில் ஒட்டிய தாவர மாதிரியில் இந்த நிறமும் நிமிர்வும் தங்குவதில்லை; அவற்றைக் காட்ட ஓவியம் வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்துத் தாவரங்களை ஆராய்ந்த ராபர்ட் வைட், ரங்கையா, கோவிந்து என்ற இரு ஓவியர்களை வைத்து வரையச் செய்தார். அவர்களின் ஓவியங்கள் எடின்பரோ அரச தாவரவியல் தோட்டத்தில் இன்றும் இருக்கின்றன. தாவர ஓவியர்கள் வேரையும் பிடுங்கிப் பார்த்து வரைவது வழக்கம். இந்தப் புல்லுக்கு அது கட்டாயம் வேண்டும். காற்றை இலை தடுக்க, சுமந்து வந்த மணல் அங்கே விழுகிறது. புதைந்த தண்டு சாகாமல், கணுவுக்குக் கணு வேர்விட்டு மேலே ஏறுகிறது. ஏற ஏற மேடும் உயர்கிறது. நாம் பார்ப்பது அதன் உச்சியை மட்டும்தான்.

அந்த மேடு என்ன செய்யும் என்பதை 2004 டிசம்பர் 26 காட்டியது. இலங்கையின் யாலாவில், கடல் தெரிய வேண்டுமென்று மணல்மேட்டை அகற்றிய ஒரு விடுதியை ஆழிப்பேரலை அழித்தது.

மேடாகக் குவியும் மணல் எங்கிருந்து வருகிறது? திருவனந்தபுரம் மாவட்டத்தில் இதற்கு விடை தேட மலையேற வேண்டும். பொன்முடி அடிவாரத்து வித்துராவில் கடல் கண்ணுக்கே எட்டாது. ஆனால் ஊருக்கு அருகே பாறைகளுக்கிடையே ஓடும் கல்லாறு வாமனபுரம் ஆற்றில் சேர்ந்து, அஞ்சுதெங்குக் காயல் வழியாக முதலப்பொழியில் கடலை அடைகிறது. மலைப்பாறை சிதைந்து உண்டாகும் மணலை இத்தகைய ஆறுகள்தாம் கரைக்குக் கொண்டு சேர்க்கின்றன. ஆற்றில் மணல் அள்ளினால் கரைக்கு வரும் பங்கு குறையும். முதலப்பொழியிலோ, துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிய கற்சுவர்கள் கரையோர மணல் ஓட்டத்தை மறித்து நிற்கின்றன. தெற்கே பெருமாதுறைப் பக்கம் மணல் குவிகிறது. வடக்கே தாழம்பள்ளிப் பக்கம் கடல் கரையைத் தின்கிறது. அங்கே கொண்டுபோய் இராவணன் மீசையை நட்டாலும், பிடித்துவைக்க அதற்கு மணல் வந்தாக வேண்டும்.