பத்து சதவீதம் குறைஞ்சா ஒரு பெட்டி தள்ளி நிக்கும்



ரயில் கோட்டைத் தாண்டிப் போய் நின்னா, "டிரைவர் தூங்கிட்டாரா?"ன்னு பிளாட்பாரத்துல ஒரு குரல் கேட்கும். இந்த வாரம் எபிசோட்ல பிரேக் பற்றிப் பேசினோம், அதன் கணக்கு மட்டும் இங்கே.

மணிக்கு 72 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 20 மீட்டர். ஒவ்வொரு வினாடியும் அந்த வேகத்தில் 1 மீட்டர் குறைந்துகொண்டே வந்தால், ரயில் நிற்க 200 மீட்டர் ஆகும். அதே பிரேக் பத்து சதவீதம் குறைவாகப் பிடித்தால் 222 மீட்டர். கிட்டத்தட்ட ஒரு பெட்டி நீளம் போச்சு!

அந்தப் பத்து சதவீதம் எங்கிருந்து வேணாலும் வரும். தூறல் விழுந்த தண்டவாளம், நசுங்கி ஒட்டின இலை, ரயிலில் ஏறின கூட்டம். வேகம் குறைந்ததும் மோட்டார் பிரேக் விலகி காற்று பிரேக் பிடிக்கும், அந்தக் கைமாறல்லயும் கொஞ்சம் தடுமாறும். சில சமயம் கோளாறே இருக்காது: எட்டுப் பெட்டி ரயிலில் இருக்கிறவர், நாலு பெட்டிக்கான பலகையைப் பார்த்து நிறுத்திடுவார். முன்னாடி நின்னாலும் தப்பு தப்புதான்.

இதெல்லாம் சின்ன விஷயம், தண்டனை வராத வரைக்கும்.

2005 ஏப்ரல் 25, ஜப்பான். ஜேஆர் வெஸ்ட் ரயில் ஒன்று இதாமி ஸ்டேஷனில் சுமார் 72 மீட்டர் தாண்டிப் போய், பின்னால் வந்து நின்றது. டிரைவருக்கு வயசு 23. முந்தைய வருஷம் இதே மாதிரி தாண்டினதுக்கு 13 நாள் "மறுபயிற்சி" பார்த்தவர். பயிற்சின்னு பேர், உண்மையில் அறிக்கை எழுத வைத்துத் திட்டுவது. அதனால தூரத்தைக் குறைச்சுச் சொல்லச் சொல்லி கார்டிடம் கேட்டார். கார்டு ரேடியோவில் 8 மீட்டர் என்று சொல்லிக்கொண்டிருக்க, டிரைவரின் கவனம் அதில் போயிருக்கலாம் என்கிறது விசாரணை அறிக்கை. அமகசாகிக்கு முன்னால் 70-ல் போக வேண்டிய வளைவில் ரயில் சுமார் 116-ல் நுழைந்து, தடம் புரண்டு அடுக்குமாடிக் குடியிருப்பில் மோதியது. டிரைவரோடு சேர்த்து 107 பேர் இறந்தாங்க.

ஜப்பானில் இப்போ பல பாதைகளில் டாஸ்க் என்ற தானியங்கி நிறுத்தும் முறை இருக்கு. தண்டவாளத்தில் பதித்த கருவி, நிற்கும் இடத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம்னு ரயிலுக்குச் சொல்லும். ரயில் அதுக்கேத்த மாதிரி பிரேக்கைத் தானே சரிசெய்யும். பிளாட்பாரக் கதவு இருக்கிற ஸ்டேஷன்ல இது ரொம்ப உதவி.

ஆனா என்னைக் கேட்டா, பெரிய மாற்றம் வேற. மனிதத் தவறுக்கு ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதை ஜேஆர் வெஸ்ட் 2016-ல் கைவிட்டது. விபத்து நடந்து 11 வருஷம் கழிச்சு.