வாரத்துக்கு 12 மணி நேரம்தான் வேலை... ஆனா வாழ்க்கை ஈஸியா? - பிரான்ஸில் ஆங்கிலம் சொல்லித்தரும் அமெரிக்கர்களின் அன்றாடம்

வாரத்துக்கு 12 மணி நேரம் வேலை. ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு வாரம் லீவு. வேலை பார்க்கும் இடம் பிரான்ஸ். இப்படி ஒரு ஆஃபர் வந்தால், "எங்கே கையெழுத்துப் போடணும்?" என்றுதான் யாரும் கேட்போம். ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் அதிகமான அமெரிக்க இளைஞர்கள் இந்த வேலைக்காகப் பெட்டியைக் கட்டுகிறார்கள். போய் இறங்கிய பிறகுதான் ஒரு விஷயம் புரிகிறது. பாடம் நடத்துவது இதில் சின்ன வேலை. அந்த ஊரில் ஒரு ஆளாகக் குடியேறுவதுதான் பெரிய வேலை.

அது என்ன திட்டம்?

'டாபிஃப்' என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். பிரான்ஸ் அரசுப் பள்ளிகளுக்கு அமெரிக்கர்களை ஆங்கில உதவியாளர்களாக அனுப்பும் திட்டம் இது. பிரான்ஸ் கல்வி அமைச்சகத்துக்காக, அமெரிக்காவில் உள்ள பிரெஞ்சுத் தூதரகத்தின் கலாச்சாரப் பிரிவு ஆள் எடுக்கிறது. வயது 20 முதல் 35 வரை. ஓரளவு பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டும். ஆசிரியர் பயிற்சிப் பட்டம் கட்டாயமில்லை. ஒப்பந்தம் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை, மொத்தம் ஏழு மாதம்.

வகுப்பில் என்ன செய்வார்கள்?

இவர்கள் முழு ஆசிரியர் இல்லை, உதவியாளர்தான். பாடத்திட்டம், தேர்வு, மதிப்பெண் எல்லாம் வகுப்பு ஆசிரியரின் பொறுப்பு. உயர்நிலைப் பள்ளி என்றால், வகுப்பில் பாதிப் பேரைத் தனியாக அழைத்துப்போய்ப் பேச வைப்பதுதான் முக்கிய வேலை. எழுத்தில் நன்றாக இருக்கும் பிள்ளைகள் வாய் திறந்து பேசக் கூச்சப்படுவார்கள். நமக்கும் தெரிந்த கதைதானே இது!

தொடக்கப் பள்ளி என்றால் வேறு மாதிரி. நிறங்கள், எண்கள், பாட்டு, விளையாட்டு என்று போகும். ஹாலோவீனும் தேங்ஸ்கிவிங்கும் கைகொடுக்கும். கற்றுக்கொடுக்கப் பிள்ளைகளுக்குச் சிரமமான ஒலிகளும் உண்டு. பிரெஞ்சில் 'ஹ' ஒலி கிடையாது என்பதால் 'ஹவுஸ்' சுலபமாக 'அவுஸ்' ஆகிவிடும்.

800 யூரோவில் ஓடுமா?

மாதம் சுமார் 800 யூரோ கைக்கு வரும். ரூபாயில் மாற்றிப் பார்த்தால் பெரிதாகத் தெரியும். ஆனால் செலவும் யூரோவில்தான். 2024 தொடக்கத்தில் பிரான்ஸில் வாரம் 35 மணி நேரம் வேலை பார்ப்பவரின் குறைந்தபட்சச் சம்பளமே பிடித்தம் போகச் சுமார் 1,400 யூரோ. மணிக் கணக்கில் பார்த்தால் உதவியாளருக்குக் கிடைப்பது மோசமில்லை. மாதக் கணக்கில் பார்த்தால் கை கடிக்கும்.

அதனால் வீட்டு வாடகைதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. சில பள்ளிகள் வளாகத்திலேயே குறைந்த வாடகைக்கு அறை தரும். அது கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. இல்லையென்றால், நாலைந்து பேர் சேர்ந்து வீடு எடுப்பதுதான் வழி. மதியச் சாப்பாட்டுக்குப் பள்ளி கேன்டீன் உண்டு. முதலில் ஒரு சாலட், பிறகு முக்கிய உணவு, சீஸ் அல்லது தயிர், கடைசியில் இனிப்பு அல்லது பழம் என்று வரிசையாக வரும். சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு தகவல்: வாரம் ஒருநாளாவது பள்ளி கேன்டீனில் சைவ உணவு போட வேண்டும் என்பது 2019 நவம்பர் முதல் அங்கே விதி.

முதல் இரண்டு மாதம் ஏன் கஷ்டம்?

வீடு வேண்டும் என்றால் உள்ளூர் வங்கிக் கணக்கு கேட்பார்கள். வங்கிக்குப் போனால் முகவரிச் சான்று கேட்பார்கள். முகவரிச் சான்றுக்கு வீடு வேண்டும். ஆதார் அட்டையில் முகவரி மாற்ற அலைந்தவர்களுக்கு இந்தச் சக்கரம் புதிதல்ல. போதாக்குறைக்கு, வாடகைக்கு உத்தரவாதம் கொடுக்க ஒரு ஆள் கேட்பார்கள். வெளிநாட்டவருக்கு அங்கே மாமனா மச்சானா இருக்கிறார்கள்? இதற்காகவே 'விசால்' என்ற இலவச உத்தரவாதம் இருக்கிறது. வீடு தேடும் முன்பே அதற்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது.

இன்னும் முடியவில்லை. வந்து மூன்று மாதத்துக்குள் விசாவை ஆன்லைனில் பதிந்து உறுதி செய்ய வேண்டும். மருத்துவக் காப்பீட்டு எண் வாங்கப் பிறப்புச் சான்றிதழ் தேவை. பல நேரம் அதன் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பும். வாடகைக்கு அரசு உதவித்தொகை கேட்டும் விண்ணப்பிக்கலாம். ஆனால் முதல் மாத வாடகைக்கு அது கிடைக்காது. முதல் சம்பளமோ அக்டோபர் கடைசியில்தான். சில நேரம் முன்பணமாக ஒரு பகுதி மட்டும்.

விமான டிக்கெட்டும் சொந்தச் செலவு. ஆக, கையில் சேமிப்பு இல்லாமல் இந்த வேலைக்குப் போவது கஷ்டம். கல்லூரிக் கடனோடு படிப்பை முடித்த ஓர் அமெரிக்க இளைஞருக்கு, தேர்வாவதைவிட, முதல் சம்பளம் வரும்வரை தாக்குப்பிடிப்பதுதான் பெரிய பரீட்சை.

அமெரிக்கர்களுக்கு ஆச்சரியமான ஒரு ஆறுதலும் இருக்கிறது. காப்பீடு கைக்கு வந்த பிறகு, டாக்டரைப் பார்க்கும் கட்டணத்தில் பெரும்பகுதி, பொதுவாக 70 சதவீதம், அரசிடமிருந்து திரும்பி வரும். சொந்த ஊரில் மருத்துவ பில்லுக்குப் பயந்து வளர்ந்தவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

பாரிஸ் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. விண்ணப்பத்தில் விருப்பமான கல்வி மண்டலங்களைக் குறிப்பிடலாம். ஆனால் மண்டலத்துக்குள் எந்த ஊர், எந்தப் பள்ளி என்பது கோடைக்காலத்தில்தான் தெரியவரும். ஒருநாளைக்கு நாலு பஸ் மட்டும் வரும் சின்ன ஊராகவும் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. நவம்பரில் மாலை ஐந்தரைக்குள் இருட்டிவிடும். தனிமை உறைப்பது அப்போதுதான்.

கடல் கடந்த பிரெஞ்சுப் பகுதிகளுக்கும் போகலாம். தமிழ் வம்சாவளியினர் கணிசமாக வாழும் ரீயூனியன் தீவும் அதில் ஒன்று.

மிச்ச நேரத்தில் என்ன செய்வார்கள்?

இந்தத் திட்டத்தின் உண்மையான சம்பளம் நேரம்தான். பல ஊர்களில் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதன்கிழமை விடுமுறை. ஒப்பந்தக் காலத்துக்குள் இலையுதிர்காலம், கிறிஸ்துமஸ், குளிர்காலம் என்று இரண்டிரண்டு வார லீவு வரும். மண்டலத்தைப் பொறுத்து வசந்தகால லீவும் சேரும். லீவு என்று மாதச் சம்பளம் நிற்காது. 27 வயது வரை 49 யூரோவுக்கு ஓராண்டு ரயில் சலுகை அட்டை வாங்கினால், அதிவேக ரயிலில் 30 சதவீதம் தள்ளுபடி. 26 வயதுக்குள் ஐரோப்பாவில் வசிப்பவர் என்றால் லூவ்ர் அருங்காட்சியகத்துக்கும் டிக்கெட் தேவையில்லை.

ஆனால் இங்கேதான் ஒரு பொறியும் இருக்கிறது. ஊரில் இருக்கும் மற்ற உதவியாளர்களோடு மட்டும் பழகினால், பகலில் வகுப்பில் ஆங்கிலம், மாலையில் நண்பர்களோடும் ஆங்கிலம் என்று ஏழு மாதம் ஓடிவிடும். பிரெஞ்சு வந்தபடியேதான் இருக்கும். தப்பிக்க அனுபவசாலிகள் சொல்லும் வழி எளிமையானது: பாட்டுக் குழு, விளையாட்டு கிளப் என்று உள்ளூர்க்காரர்கள் வாராவாரம் கூடும் ஏதாவது ஒன்றில் சேர்ந்துவிடுவது.

பழகுவதற்கு எது சிரமம்?

கடைக்குள் நுழைந்ததும் முதலில் 'போன்ழூர்' சொல்ல வேண்டும். சொல்லாமல் நேராகப் பொருளைக் கேட்டால், வேண்டுமென்றே மரியாதைக் குறைவாக நடந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். அடுத்தது 'தூ', 'வூ' குழப்பம். நம்ம 'நீ', 'நீங்க' போலத்தான். நமக்கு இது இயல்பாக வரும். 'யூ' ஒன்றையே எல்லோருக்கும் சொல்லி வளர்ந்த அமெரிக்கர், ஆசிரியர் அறையில் சக ஆசிரியரை எப்படி அழைப்பது என்று தெரியாமல் முழிப்பார். அவர்களாக 'தூ' சொல்லும் வரை 'வூ' சொல்வதுதான் பாதுகாப்பு.

யாருக்குச் சரிப்படும்?

பணம் சேர்க்கணும் என்றால் இது இல்லை. மொழியைக் கூர்தீட்டணும், ஆசிரியர் வேலை நமக்கு ஒத்துவருமா என்று பார்க்கணும் என்பவர்களுக்கு ஏழு மாதம் நல்ல சோதனைக் காலம். இன்னொரு ஆண்டுக்கு நீட்டிப்பு கேட்கலாம். கிடைக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது.

இது அமெரிக்கர்களுக்கு மட்டுமான வாய்ப்பும் இல்லை. பிரான்ஸ் தன் பள்ளிகளுக்கு இந்தியா உட்படப் பல நாடுகளிலிருந்தும் ஆங்கில உதவியாளர்களை எடுக்கிறது. தகுதியும் வயது வரம்பும் நாட்டுக்கு நாடு மாறும். பிரெஞ்சு படிக்கிறவர்கள் இந்தியாவில் உள்ள பிரெஞ்சு நிறுவனத்தின் இணையதளத்தில் விவரம் பார்க்கலாம். தேர்வானால், பிறப்புச் சான்றிதழையும் முதல் இரண்டு மாதச் செலவுக்கான பணத்தையும் முதலில் தயார் செய்யுங்கள். பாடம் நடத்துவதற்கான தயாரிப்பை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.