பள்ளியில் சேர்க்கும் முன்…

ஜூன் பிறந்தால் கொள்முதல் பணமும் பள்ளிக் கட்டணமும் ஒரே கல்லாவிலிருந்துதான் போகவேண்டும். எல்.கே.ஜி. பிள்ளைக்காக மண்டி பாக்கியைத் தள்ளிப்போடும் மளிகைக் கடைக்காரர்களை நாம் அறிவோம். பக்கத்துத் தெரு அரசுப் பள்ளியை அவர்கள் எட்டிப் பார்ப்பதுகூட இல்லை.

தமிழக அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் தமிழ் வழியோடு ஆங்கில வழிப் பிரிவுகளும் பரவலாகத் தொடங்கப்பட்டன. 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வந்தன. 2022 முதல் தொடக்க வகுப்புகளுக்குக் காலை உணவும் உண்டு. செலவு மிச்சம், சந்தேகமில்லை.

ஆனால் மூட்டையின் மேலுள்ள முத்திரையைப் பார்த்தா நாம் அரிசி எடுக்கிறோம்? குத்தூசி போட்டுத்தானே பார்க்கிறோம்! கல்வி உரிமைச் சட்டப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டே ஆசிரியர்கள். வகுப்பு ஐந்து, பயிற்று மொழி இரண்டு. தமிழ் வழியும் ஆங்கில வழியும் ஒரே அறையில் உட்கார நேரும். அதனாலேயே பள்ளி மோசம் என்று சொல்லமாட்டோம். ஆசிரியர் கெட்டிக்காரராக இருந்தால் பிள்ளைக்கு இரண்டு மொழியும் காதில் விழும்.

மழலை வகுப்புக்குத் தனி ஆசிரியர் உண்டா என்று கேளுங்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை தமிழில் ஒரு பத்தியும் ஆங்கிலத்தில் நாலு வரியும் வாசிக்கிறதா என்று பாருங்கள். நம் கடைச் சிட்டை தமிழில், கம்பெனி பில் ஆங்கிலத்தில். பிள்ளைக்கு இரண்டும் வேண்டும். இதே கேள்விகளைக் கட்டணப் பள்ளியிலும் தயங்காமல் கேட்கலாம். கோடை விடுமுறைக்கு முன்பே, வகுப்பு நடக்கும் நாளில் போய் வாருங்கள்.