பரணில் படுக்கப் பணமா?

"பரணில் ஏறிப் படுப்பதற்குப் பணம் கொடுப்பார்களா? உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்று கேட்டாள் என் மனைவி.

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. எங்கள் வரதய்யபாளையம் பக்கத்தில் பரணில் படுப்பவனுக்குத்தான் கூலி கொடுப்பார்கள். படுப்பவன் கொடுப்பது வழக்கமில்லை.

விஷயம் இதுதான். ஸ்ரீசிட்டி கம்பெனி ஒன்றில் வேலை செய்யும் திருவண்ணாமலைக்காரத் தம்பி ஒருவர் அடிக்கடி என் கவுண்ட்டருக்கு டிக்கெட் எடுக்க வருவார். ஒரு நாள் செல்போனில் சில படங்களைக் காட்டினார். கடலோர மழைக்காடு. ஆகாயத்தை முட்டும் மரங்கள். மரத்தின் மேல் வீடு! வீட்டுக்குள் கட்டில், மெத்தை, குளிக்கிற தொட்டி. "ஒரு ராத்திரி வாடகை என் பாதிச் சம்பளம் அண்ணே! இதே மாதிரி நம்ம உப்பலமடுகு அருவிப் பக்கம் ஏதாவது உண்டா?" என்றார்.

இல்லை. தடா அருவி என்று சென்னைக்காரர்கள் சொல்லும் உப்பலமடுகு அருவி எங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே பகலில் போய்ப் பகலிலேயே திரும்ப வேண்டும். இரவில் தங்க வனத்துறை விடுவதில்லை. தவிர, அது மழைக்காடும் அல்ல. ஓடையோரம்தான் குளிர்ச்சி. மற்றபடி பாறையும் புதரும்தான்.

கடலோரக் காடு வேண்டுமென்றால் கிழக்கே பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. வருஷம் முழுவதும் இலை உதிராத காடு. யானாதிகள் வாழ்ந்த இடம். 1971-ல் முதல் ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. இன்று நாம் போய்த் தங்கக்கூடிய இடமா அது?

எங்கள் கரைக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில் வந்து கொட்டிவிட்டுப் போய்விடும். மேற்கே அப்படி இல்லை. அரபிக் கடலிலிருந்து எழும் மேகம் ஆனி மாதமே மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டிக்கொண்டு மாதக் கணக்கில் பெய்கிறது. மழைக்காடு அங்கேதான். ஆகவே மரவீடும் அங்கேதான்.

அப்பாவின் பரண்

இங்கே என் சொந்தக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு மலையடிவாரத்தில் ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம் இருந்தது. வேர்க்கடலை போடுவார். காய் பிடிக்கும் பருவத்தில் காட்டுப்பன்றி வரும். ஒரு கூட்டம் இறங்கினால் போதும், விடிவதற்குள் உழுது போட்ட மாதிரி ஆகிவிடும். அதற்காக வேப்ப மரத்தில் பரண் கட்டியிருந்தார். தெலுங்கில் மஞ்செ என்பார்கள். இந்தியில் மச்சானாம்! (நம் வீட்டு மச்சானுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.) நான்கு சவுக்குக் கழி, மேலே பனை மட்டை, ஒரு கோணிச் சாக்கு. கையில் ஒரு டார்ச், தட்டுவதற்கு ஒரு தகர டப்பா. அறுபது எழுபது நாட்கள் ராத்திரி முழுக்க அங்கேதான் இருப்பார்.

நான் பத்தாவது படித்துக் கொண்டிருந்த வருஷம் ஒரு பின்னிரவில் கண் அயர்ந்து கீழே விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்தது. அன்றைக்கே பன்றிகளும் இறங்கின. பாதிக் கொல்லை போயிற்று. வைத்தியச் செலவுக்கு மீதிப் பாதியும் போயிற்று. மேற்கொண்டு நான் படிக்கவில்லை. கிடைத்த வேலைகளைச் செய்து, பரீட்சை எழுதி, ரயில்வேயில் கிளார்க் ஆனேன். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அப்பா இன்றும், "அன்னைக்கு நான் தூங்காம இருந்திருந்தா..." என்று ஆரம்பிப்பார். முடிக்க மாட்டார்.

அவரை ஒரு முறை மரத்தின் மேல் நிம்மதியாகத் தூங்க வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. மனைவி பைத்தியம் என்றது இதைத்தான்.

பொள்ளாச்சி வழியாக

பாதிச் சம்பளம் கேட்கும் இடம் நமக்குக் கட்டாது. விசாரித்ததில் கேரள வனத்துறையே பரம்பிக்குளத்தில் மரத்தின் மேல் குடில்கள் வைத்திருப்பது தெரிந்தது. விலை குறைவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை, சீட்டுப் பணம் எடுத்தால் முடிகிற காரியம். குடில்கள் ஒரு சிலவே. முன்பதிவு இல்லாமல் போனால் திரும்பத்தான் வேண்டும்.

தை மாதம் புறப்பட்டோம். எனக்குப் பாஸ் உண்டு. அப்பாவுக்கு டிக்கெட் எடுத்தேன். சென்ட்ரலில் பாலக்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் பழனியைத் தாண்டிப் பொள்ளாச்சியில் இறங்கிக் கொள்ளலாம். அங்கிருந்து பஸ். ஆனைமலை, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டு மண்ணிலேயே மலை ஏறி, ஆனப்பாடியில் கேரளத்துக்குள் நுழைய வேண்டும். பரம்பிக்குளம் கேரளத்தில் இருந்தாலும் பஸ் போகும் பாதை தமிழ்நாட்டு வழியாகத்தான். அங்குள்ள பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகிய மூன்று அணைகளும் கேரள நிலத்தில் நிற்கின்றன. பராமரிப்பது தமிழ்நாடு. தண்ணீர் பாய்வது பொள்ளாச்சி, திருப்பூர்ப் பக்கத்து வயல்களில்! ஒரு மாநிலத்தில் பிறந்து இன்னொரு மாநிலத்தில் பிழைக்கும் நம்மவர்களுக்கு அந்தத் தண்ணீரின் கதை புரியும்.

டாப்ஸ்லிப்பை ஒட்டிய கரியன் சோலையைப் பார்த்தபோதுதான் மழைக்காடு என்றால் என்ன என்று தெரிந்தது. நடுப்பகலில் சாயங்காலம் மாதிரி இருட்டு. தரையில் இலை மட்கிய வாசனை. அப்பா ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுல கடலை போட்டா எப்படி வரும்!" என்றார்.

காட்டுக்குள் ஒரு ரயில்

ரயில்வேக்காரன் இதைச் சொல்லாமல் போக முடியாது. அந்தக் காட்டுக்குள் ரயில் ஓடியிருக்கிறது.

பரம்பிக்குளம் கொச்சி சமஸ்தானத்தின் தேக்குக் காடு. வெட்டிய மரத்தைக் கீழே கொண்டு வர, சாலக்குடியிலிருந்து சுமார் 80 கிலோமீட்டருக்கு டிராம் பாதை போட்டார்கள். 1907-ல் ஓடத் தொடங்கியது. ஜெர்மனியில் செய்த நீராவி எஞ்சின்கள். செங்குத்தான சரிவுகளில் எஞ்சின் ஏற முடியாது. அதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். சரிவின் உச்சியில் ஒரு உருளை. அதன் மேல் கம்பிக் கயிறு. ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டி, மறுமுனையில் காலி வண்டி. பாரவண்டி தன் கனத்தால் இறங்கும்போது காலி வண்டி தானாக மேலே ஏறிவிடும். நிலக்கரி செலவில்லை. பிரேக் பிடிப்பவன் கண் அயராமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அங்கும் ஒருவன் விழித்திருந்தால்தான் காரியம் நடந்திருக்கிறது.

1963-ல் டிராம் நின்றது. அதற்குள் தேக்கில் பெரும்பகுதி ஊரை விட்டுப் போய்விட்டது. தப்பிய கிழவன் ஒருவன் தூணக்கடவுக்குப் பக்கத்தில் நிற்கிறான். கன்னிமரா தேக்கு. வயது சுமார் 450 என்கிறார்கள். ஐந்து பேர் கைகோத்தால்தான் கட்டிப் பிடிக்க முடியும். வெட்டப் போனபோது ரத்தம் கசிந்ததாகவும், அதனால் விட்டுவிட்டதாகவும் ஐதீகம். கதையோ நிஜமோ, மரம் பிழைத்தது.

மேலே ஒரு இரவு

எங்கள் குடில் தூணக்கடவு நீர்த்தேக்கத்தின் அருகில். மரப்படிகளில் ஏற வேண்டும். அப்பாவுக்கு இடுப்பு ஒத்துழைக்காதே என்று பயந்தேன். ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிவிட்டார். ஏறியதும் முதலில் கட்டிலைப் பார்க்கவில்லை. தரைப் பலகையைக் குதிகாலால் தட்டிப் பார்த்தார். பிறகு கிராதியைப் பிடித்து ஆட்டினார். "கட்டு சரியாத்தான் இருக்கு" என்று சர்டிபிகேட் கொடுத்த பிறகுதான் உட்கார்ந்தார்.

எங்களுடன் வந்த வழிகாட்டி மலசர் இனத்தவர். நாற்பது வயது இருக்கும். அந்தப் புலிகள் காப்பகத்துக்குள் காடர், மலசர், மலைமலசர், முதுவர் என நான்கு பழங்குடியினர் வசிக்கின்றனர். வனத்துறை அவர்களிலிருந்தே வழிகாட்டிகளை எடுக்கிறது. நன்றாகத் தமிழ் பேசினார். அப்பாவுக்கும் அவருக்கும் பத்து நிமிஷத்தில் ஒட்டிக்கொண்டது.

அவர் கூறியதாவது:-

"ஏறுமாடம்னு சொல்லுவோம். எங்க தாத்தா காலத்துல யானைக்குப் பயந்து அதுலதான் தூக்கம். ஏறுறதுக்குக் கண்ணேணி. ஒத்தை மூங்கில்ல கணுவுக்குக் கணு கிளையைக் கொஞ்சம் விட்டு வெட்டினா அதுவே படி. மேல போனதும் ஏணியை இழுத்துக்குவாங்க. கட்டுறதெல்லாம் கொடியிலதான். மரம் வருஷா வருஷம் பருக்கும் இல்லீங்களா, கம்பியால இறுக்கினா பட்டையை அறுத்துடும். பட்டை போனா மரம் போச்சு. கொடின்னா அதுவே இத்துப் போகும், நாம புதுசாக் கட்டிக்கலாம்."

அப்பா உடனே, "நாங்க பனை நார்ல கட்டுவோம்" என்றார். அதன் பிறகு நான் அங்கே இருப்பதையே இருவரும் மறந்துவிட்டார்கள்.

எனக்கு எங்கோ படித்த ஒரு சங்கதி நினைவு வந்தது. கென்யா நாட்டில் ட்ரீடாப்ஸ் என்று ஒரு ஓட்டல். 1932-ல் அத்தி மரத்தின் மேல் கட்டினார்கள். 1952 பிப்ரவரி 5-ந் தேதி இரவு இங்கிலாந்து இளவரசி எலிசபெத் அதில் தங்கி யானைகளைப் பார்த்தார். அந்த இரவில்தான் இங்கிலாந்தின் சாண்ட்ரிங்காம் மாளிகையில் அவருடைய தந்தை ஆறாம் ஜார்ஜ் மன்னர் தூக்கத்திலேயே காலமானார். மரத்தில் ஏறும்போது இளவரசி, இறங்கும்போது ராணி! உடனிருந்தவர் நம் குமாவுன் காட்டில் புலி வேட்டையாடிய ஜிம் கார்பெட். இரண்டு வருஷம் கழித்து, 1954-ல், மௌமௌ கிளர்ச்சியின்போது அந்த மரவீடு எரிக்கப்பட்டது. பிறகு அருகிலேயே புதிதாகக் கட்டினார்கள்.

ராணிக்கு மட்டுமா பரண்? தினைப்புனம் காத்த வள்ளி நின்றதும் பரண்தானே. அவள் ஊர் என்று சொல்லப்படும் வள்ளிமலை, நம் சித்தூர் எல்லையை ஒட்டித்தான் இருக்கிறது. வள்ளி ஆலோலம் பாடிக் கிளி விரட்டினாள். குப்பம், பலமநேர்ப் பக்கத்து விவசாயிகள் இன்றும் பரணில் உட்கார்ந்து யானை விரட்டுகிறார்கள். 1980-களில் ஓசூர்ப் பக்கத்துக் காடுகளிலிருந்து வந்து சேர்ந்த யானைகள் அவை. அவற்றுக்காகவே 1990-ல் கௌண்டின்யா சரணாலயம் ஏற்பட்டது. அந்தப் பரண்களுக்கு யாரும் முன்பதிவு செய்வதில்லை.

சாயங்காலம் நீரோரம் மான் கூட்டம் வந்தது. பிறகு காட்டெருமைகள். ஒவ்வொன்றும் ஒரு லாரி மாதிரி. இருட்டியதும் சில்வண்டுச் சத்தம். தண்டவாளத்தில் பிரேக் போட்ட மாதிரி காதைத் துளைத்தது. பிறகு அதுவும் பழகிவிட்டது. குளிர் அதிகம். காற்று அடித்தபோது குடில் லேசாக அசைந்தது. ஓடும் ரயிலில் மேல் பெர்த்தில் படுத்திருப்பது போல இருந்தது. ஒன்பதரைக்குள் நான் தூங்கிவிட்டேன்.

நடுவில் ஒரு முறை விழித்தேன். அப்பாவின் கட்டில் காலி. நெஞ்சு திடுக்கிட்டது. எழுந்து பார்த்தால், வெளித் திண்ணையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா, தூங்கலையா?"

"கீழ பன்னி வந்திருக்கு. ஏழெட்டு இருக்கும். குட்டியும் இருக்கு."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இருட்டில் காது கொடுத்துக் கேட்டேன். அப்பா கைவிரலை உயர்த்திய பிறகுதான் கீழே மெதுவாக 'உர்' என்ற சத்தம் பிடிபட்டது.

"வந்தா வந்துட்டுப் போகுது. இங்கே நமக்குக் கொல்லையா இருக்கு?" என்றேன்.

"இல்லைதான்" என்றார். சற்றுப் பொறுத்து, "நீ தூங்கு. நான் பார்த்துக்கறேன்" என்றார்.

வற்புறுத்தலாம் என்று வாயெடுத்தேன். அவர் குரலில் வருத்தம் எதுவும் இல்லை. பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டேன்.

காலையில் வழிகாட்டி கட்டஞ்சாயாவுடன் வந்தார். இரவில் கீழேயிருந்து டார்ச் அடித்துப் பார்த்ததாகவும், மேலேயிருந்து அப்பா கையசைத்ததாகவும் சொன்னார். "அய்யா எங்களைவிட நல்லா காவல் பார்க்கிறார். வேலைக்குச் சேர்த்துடலாம்" என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார். பன்றிகள் நின்ற இடத்தை இருவரும் போய்ப் பார்த்தார்கள். அப்பா எண்ணிக்கை சொன்னார். வழிகாட்டி தடத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

போக விரும்பும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் சமாச்சாரங்களை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு கீழே இறங்காதீர்கள். புலி பார்க்கலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி அழைத்துப் போகாதீர்கள். அது அதன் இஷ்டம். வழிகாட்டியிடம் பேச்சுக் கொடுங்கள். கொடுத்த காசில் முக்கால்வாசி அவர் பேச்சுக்கே தகும்.

பொள்ளாச்சியில் வண்டி ஏறியதுமே அப்பா படுத்துவிட்டார். திண்டுக்கல்லில் டீ வாங்கிக்கொண்டு எழுப்பினேன், எழவில்லை. டீயை நானே குடித்தேன். சென்ட்ரல் வந்த பிறகுதான் கண் விழித்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கேட்டாள்: "மாமா, மரத்து மேல நல்லாத் தூங்கினீங்களா?"

"எங்கம்மா! கட்டில், மெத்தை எல்லாம் போட்டு வெச்சிருக்கான். பரண்ல அதெல்லாம் எதுக்கு?" என்றார் அப்பா.