பாறை இல்லாத கரையில் ஒரு கடற்காகக் கதை

துணைப்பாடக் கதைகளைச் சென்ற இதழில் ஆராய்ந்த இத்தொடர், இம்முறை உரைநடைப் பகுதிக்கு வருகிறது. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலின் முதல் உரைநடைப் பாடம் 'ஹிஸ் ஃபர்ஸ்ட் ஃப்ளைட்' என்னும் சிறுகதை. அயர்லாந்தின் மேற்குக் கரையை அடுத்த ஆரன் தீவுகளில் 1896-இல் பிறந்த லியம் ஓஃப்ளாஹர்ட்டி எழுதிய இக்கதையில், பறக்க அஞ்சிப் பாறை விளிம்பில் பட்டினி கிடக்கும் கடற்காகக் குஞ்சு, தாய் அலகில் கவ்வி வரும் மீனைக் கண்டு பசி பொறாமல் பாய்கிறது. விழும் போக்கிலேயே சிறகு விரிந்து பறந்தும்விடுகிறது.

கடலும் மீனும் பறவையும் வருவதால், பழவேற்காட்டு மீனவக் குப்பங்களின் மாணவருக்கு இக்கதை தானாகவே விளங்கிவிடும் என எண்ணத் தோன்றும். அது பாதி உண்மையே. கதை தொடங்குமிடம் 'லெட்ஜ்', அதாவது செங்குத்துப் பாறையின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் குறுகிய திட்டு. பழவேற்காட்டிலோ ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே தாழ்ந்த மணல்மேடுதான் உண்டு. பனிக்காலத்தில் அங்கு வந்து சேரும் பழுப்புத்தலைக் கடற்காகங்களும் நடு ஆசியாவின் மேட்டுநிலங்களில் குஞ்சு பொரித்த பின்னரே வருவனவாதலால், கூட்டை விட்டு நகர மறுக்கும் குஞ்சு அக்கரையில் காணக் கிடைப்பதில்லை. உயரம் மனக்கண்ணில் எழாதவருக்கு அச்சம் விளங்காது. அச்சம் விளங்காவிடில் எஞ்சுவது வெறும் பசியே. மாறாக, 'ஹெர்ரிங்' என்பது சாளையின் குடும்பத்து மீன் என்றும் 'டாக்ஃபிஷ்' சிறு சுறா வகை என்றும் சொன்ன அளவில் அம்மாணவர் அறிந்துகொள்வர். தலைகீழாய் நீருள் பாயும் 'டைவ்' என்னும் வினையையோ ஆலாப் பறவைகளே நடத்திக் காட்டிவிடும்.

ஆனால் தேர்வு இவ்வேறுபாட்டை அறியாது. 100 மதிப்பெண் வினாத்தாளின் தொடக்கத்திலுள்ள 14 ஒரு மதிப்பெண் வினாக்களில் மூன்று ஒத்த பொருட்சொல்லையும், மூன்று எதிர்ச்சொல்லையும் கேட்பவை. ஆகவே கதையைத் திறவாமலே சொற்களை இணை இணையாக மனப்பாடம் செய்வது மாணவருக்கு இலாபமான வழியாகிவிட்டது. இதற்காக அவர்களைக் குறைகூறுவது முறையன்று.

1920-களில் டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவர்கள் ஆங்கில நூல்களில் தடுமாறுவதற்குப் புதுச் சொற்களின் நெரிசலையே முதன்மைக் காரணமாகக் கண்டு, புதுச் சொல்லை அரிதாக நுழைத்து அடிக்கடி மீளவைக்கும் வாசிப்பு நூல்களை உருவாக்கினார். கற்பனைக் கதையைத் துணையின்றிப் படித்துணர அதன் சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும், அதாவது ஐம்பதில் ஒன்றே புதியதாக இருக்கலாம் என்பது, ஹூ, நேஷன் ஆகிய இருவர் 2000-இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு. ஓஃப்ளாஹர்ட்டியின் நடை அத்தகைய சொல்வரம்புக்கு உட்பட்டு எழுதப்பட்டதன்று. ஆதலால் இங்கே ஆசிரியரின் துணை தவிர்க்க முடியாதது. அத்துணையையும் எல்லாச் சொற்களுக்கும் சமமாகப் பங்கிடத் தேவையில்லை: மீன்பெயர்களை ஒரு வாக்கியத்தில் கடந்துவிட்டு, பாறை விளிம்பைக் கரும்பலகையில் வரைந்து, கீழே கடல் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பதைத் தமிழிலேயே விரித்துரைத்த பின் முதற்பத்தியை வாசிக்கத் தொடங்கலாம்.

(தொடரும்)